வரிப்பந்தும் தெமாரியும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிதம்

பந்து விளையாடாத நாடு உலகில் இல்லை எனலாம். இன்று பந்து என்றவுடன் ரப்பர்ப் பந்தும், தோல் பந்தும், கடைகளில் வலைப்பையில் தொங்கும் பிளாஸ்டிக் பந்தும் நம் கண்முன் வருகின்றன. இவையெல்லாம் வருவதற்கு முன்பும் குழந்தைகள் பந்து விளையாடத்தான் செய்தார்கள். கிழிந்த துணியைச் சுருட்டி, அதன்மேல் நூலையும் கயிற்றையும் இறுகச் சுற்றி, ஓர் உருண்டையை உண்டாக்கி விளையாடினார்கள். நம் ஊர்ப் பக்கம் துணிப்பந்து கட்டி எறிபந்து ஆடியவர்கள் இன்றைக்கும் நம் வீடுகளில் பெரியவர்களாக இருக்கிறார்கள். இந்த எளிய உருண்டையையே ஜப்பானியர் ஓர் அரிய கலையாக வளர்த்திருக்கின்றனர். அதற்குத் ‘தெமாரி’ என்று பெயர். அக்கலையைப் பற்றியும், அதனுள் பொதிந்து கிடக்கும் கணிதத்தைப் பற்றியும், அந்தக் கணிதம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைப் பற்றியும் இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன்.

தமிழர் பந்து

ஜப்பானுக்குச் செல்லுமுன் நம் வீட்டு முற்றத்தைச் சற்றுப் பார்ப்போம். சங்கப் பாடல்களில் பெண்கள் ஆடிய பந்து ‘வரிப்பந்து’ என்று பேசப்படுகிறது. ‘வரி’ என்னும் சொல்லுக்குக் கோடு என்பது பொருள். ‘வரிதல்’ என்றால் இறுகக் கட்டுதல். கூரைக்கு வரிச்சு வரிந்து கட்டுவதை நாம் இன்றும் சொல்கிறோம் அல்லவா? நூலால் வரியப்பட்ட பந்தின்மேல் அந்த நூலே வரியாகத் தெரிகிறது. கட்டுவதும் அழகு செய்வதும் ஒரே செயல் என்பதை அந்த ஒரு சொல்லே நமக்கு உணர்த்திவிடுகிறது.

சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் ‘கந்துக வரி’ என்ற பகுதி, மகளிர் பந்தாடிப் பாடும் பாட்டு. கந்துகம் என்றாலும் பந்துதான். பெருங்கதையில் ‘பந்தடி கண்டது’ என்ற பெயரிலேயே ஒரு பகுதி அமைந்துள்ளது. குற்றாலக் குறவஞ்சியின் தலைவி வசந்தவல்லியும் பந்தாடும்போதுதான் குற்றாலநாதரின் உலாவைக் காண்கிறாள். இவ்வாறு சங்க காலம் முதல் குறவஞ்சிக் காலம் வரை நம் இலக்கியத்தில் பந்து உருண்டுகொண்டே வந்திருக்கிறது. ஆயினும் நமக்குப் பாட்டு எஞ்சி நின்ற அளவுக்குப் பந்து எஞ்சி நிற்கவில்லை. ஜப்பானில் பந்தே எஞ்சி நிற்கிறது.

கையால் ஆன பந்து

ஜப்பானிய மொழியில் ‘தெ’ என்றால் கை; ‘மாரி’ என்றால் பந்து. காலால் உதைத்து ஆடும் பந்து விளையாட்டு ஒன்று பழங்காலத்தில் சீனாவிலிருந்து அந்நாட்டுக்குச் சென்றது. அதைக் ‘கெமாரி’ என்பர். அரண்மனை ஆடவர் அதை ஆடினர். கையால் தட்டி ஆடும் பந்து பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உரியதாயிற்று. பழைய கிமோனோ ஆடைகளின் துண்டுகளைச் சுருட்டி, நூலால் சுற்றி, அதன்மேல் வண்ண நூலால் தையல் வேலை செய்து தாயும் பாட்டியும் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். 1603 முதல் 1868 வரையிலான எடோ காலத்தில் பருத்தி நூல் சாதாரண மக்களின் கைக்கும் எட்டியது. பிரபுக்களின் மாளிகைகளிலிருந்த பந்து குடிசைகளுக்கும் வந்தது. ரியோகன் (1758 – 1831) என்ற ஜென் துறவி தம் அங்கியின் கையினுள் எப்போதும் ஒரு தெமாரியை வைத்திருப்பார் என்றும், பிச்சைக்குப் போகிற வழியில் குழந்தைகளைக் கண்டால் பாத்திரத்தை மறந்துவிட்டுப் பந்தாட உட்கார்ந்துவிடுவார் என்றும் அந்நாட்டார் அன்போடு சொல்வர். பெரும் கவிஞரான அவருக்குப் பந்து ஒரு குறைவாகப் படவில்லை.

பின்னர் மெய்ஜி காலத்தில் ரப்பர்ப் பந்து வந்தது. அது நன்றாக எழும்பியது, மலிவாகவும் கிடைத்தது. தெமாரி விளையாட்டுக் களத்திலிருந்து மெல்ல விலகியது. ஆனால் அது அழிந்துவிடவில்லை. அன்பளிப்பாகவும் அலங்காரப் பொருளாகவும் தன் வாழ்வை மாற்றிக்கொண்டது. புத்தாண்டு நாளில் குழந்தைக்குத் தாய் தெமாரி கொடுப்பது வழக்கம். உட்புறத்தில் ஒரு சிறு காகிதத்தில் தன் வேண்டுதலை எழுதி மடித்து வைத்துச் சுற்றிவிடும் தாய்மாரும் உண்டு. அதில் என்ன எழுதியிருந்தது என்பது அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. மட்சுமோட்டோ என்ற நகரில் தெருவில் பதித்திருக்கும் பாதாளச் சாக்கடை மூடிகளிலும் தெமாரியின் உருவத்தை வார்த்திருக்கிறார்கள் என்றால், அந்த ஊர் அதை எவ்வளவு பெருமையாகக் கருதுகிறது என்று பாருங்கள்.

இவற்றுள் என் மனத்துக்கு மிக நெருங்கியது ஷிகோகு தீவில் ககாவா மாநிலத்தில் செய்யப்படும் ‘சனுகி’ தெமாரி. சனுகி என்பது அப்பகுதியின் பழைய பெயர். பருத்தி, உப்பு, சர்க்கரை ஆகிய மூன்றும் எடோ காலத்தில் அந்நாட்டின் மூன்று வெண்பொருள்கள் என்று புகழ்பெற்றன. அங்குள்ளவர்கள் பந்தின் உட்புறத்தில் நெல் உமியை வைத்து மெல்லிய காகிதத்தால் பொதிகிறார்கள். அதன்மேல் பருத்தி நூலைச் சுற்றுகிறார்கள். தாவரச் சாயம் ஏற்றிய பருத்தி நூலால் தைக்கிறார்கள். உமியும் பருத்தியும் கைச்சாயமும்! இதைப் படித்தபோது எனக்கு அந்நிய நாடு ஒன்றைப் பற்றிப் படிப்பதாகவே தோன்றவில்லை.

எங்கள் வீட்டு நூல்

அதற்குக் காரணம் உண்டு. என் அம்மா பிறந்த ஊர் பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் காடு. பருத்தி வெடிக்கும் காலத்தில் மடியைக் கட்டிக்கொண்டு பருத்தி எடுத்து வளர்ந்தவர். வாழ்க்கைப்பட்டு வந்தது உடையார்பாளையம் வட்டாரத்தில் ஒரு நெசவு வீட்டுக்கு. எங்கள் ஊர்ப் பக்கம் கைத்தறி பழைய தொழில். தறியில் உட்கார்ந்து நெய்பவருக்குத்தான் நெசவாளர் என்ற பெயர் கிடைக்கிறது. ஆனால் நூலைச் சிக்கெடுத்து, ராட்டையில் போட்டு, தார்க்குச்சியில் சுற்றி, நாடாவுக்குக் கொடுக்கும் வேலை வீட்டுப் பெண்களுடையது. தார் தளர்வாக இருந்தால் நெய்யும்போது நூல் சரிந்துவிடும். அளவு மீறி இறுகினால் அறுந்துவிடும். அந்த இறுக்கத்துக்கு அளவுகோல் ஏதும் கிடையாது. விரலுக்குத்தான் தெரியும்.

எங்கள் வீட்டில் முன்பு இரண்டு தறிகள் ஓடின. இப்போது ஒன்று ஓடுகிறது. மற்றொன்றின் குழியை மூடி மண் பூசியாயிற்று. அந்த இடத்தில்தான் நான் உட்கார்ந்து படிக்கிறேன். என்னோடு படித்தவர்கள் சிலருடைய வீட்டிலும் இதே நிலைதான். எங்கள் வீட்டுக்கு வரும் உறவினர், “பொண்ணு என்ன படிக்குது?” என்று கேட்டால் அம்மா, “கணக்குப் படிக்குதாம். அதெல்லாம் நமக்கு எங்க தெரியுது?” என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமைதான் இருக்கும். ஆனாலும் அந்தப் பதிலில் ஒரு கதவு சாத்தப்படும் ஓசையும் எனக்குக் கேட்கும்.

சென்ற ஆண்டு எங்கள் துறையில் கணிதக் கண்காட்சிக்கு ஏற்பாடு நடந்தது. நான்முகி, கன சதுரம், எண்முகி, பன்னிருமுகி, இருபதுமுகி என்னும் ஐந்து ஒழுங்குத் திண்மங்களையும் அட்டையில் செய்வதாகத் திட்டம். எங்கள் பேராசிரியை ஒருவர் தெமாரியின் படத்தைக் காட்டி, “இதுவும் அந்தத் திண்மங்கள்தான், உருண்டைமேல் வரைந்திருக்கிறார்கள். உங்களில் யாருக்காவது நூல் வேலை தெரியுமா?” என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “இது தைக்கிறது கெடக்கட்டும். உருண்டை சரியா வரணும் பாப்பா, அதுலதான் இருக்கு வேலை” என்றார்.

உருண்டை எப்படி உருண்டையாகிறது?

அம்மா சொன்னது முற்றிலும் உண்மை. அச்சில் ஊற்றிச் செய்யும் பந்து உருண்டையாக இருப்பதில் வியப்பில்லை. தெமாரிக்கு அச்சு இல்லை. பழைய வேட்டித் துணியில் உமியை மூட்டையாகக் கட்டினோம். அதன்மேல் தறியில் கழிந்த பருத்தி நூலைச் சுற்றினோம். கடைசியாக மெல்லிய தையல் நூல். பந்தின் சுற்றளவு 30 சென்டிமீட்டர் என்றால், ஆயிரம் சுற்றுக்கு ஏறக்குறைய 300 மீட்டர் நூல் செல்லும். ஒவ்வொரு சுற்றிலும் பந்தைச் சிறிது திருப்ப வேண்டும். முன்பு போன வழியிலேயே நூல் போனால் அங்கே மேடு தட்டிப் பந்து பூசணிக்காய் போலாகிவிடும். அம்மாவின் இடக்கை திருப்பிக்கொண்டே இருந்தது; வலக்கை இழுத்துக்கொண்டே இருந்தது. மேடான இடம் வரும்போது இழுப்பை அதிகமாக்கி அழுத்தினார். பள்ளமான இடத்தில் தளர்த்தி நிரப்பினார். இதையெல்லாம் அவர் எண்ணிச் செய்யவில்லை. அப்பாயியோடு பேசிக்கொண்டேதான் செய்தார்.

இதில் ஓர் அறிவியல் உண்மை உண்டு. கோளத்தின் மேற்பரப்பில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழி, கோளத்தின் மையத்தை மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் வில் ஆகும். இழுத்துப் பிடித்த நூல் எப்போதும் குறுகிய வழியையே நாடும். ஆகவே இறுகச் சுற்றிய நூல் பெருவட்டத்தில் மட்டுமே நிலையாக நிற்கும். பூமி உருண்டையில் நிலநடுக்கோடும் தீர்க்கக் கோடுகளும் பெருவட்டத்தைச் சேர்ந்தவை. மற்ற அட்சக் கோடுகள் சிறு வட்டங்கள். சிறு வட்டத்தில் நூலை வைத்து இழுத்தால் துருவத்தின் பக்கம் வழுக்கிக் கழன்றுவிடும். “ஓரத்துல சுத்துனா நிக்காது, நடு வவுத்துல சுத்துனாத்தான் நிக்கும்” என்றார் அம்மா. என் பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம் வரும் செய்தி அது.

காகித நாடாவும் குண்டூசியும்

பந்து ஆயிற்று. அடுத்து அதைப் பிரிக்க வேண்டும். தெமாரி செய்பவர்கள் இதற்கு ஒரு காகித நாடாவும் சில குண்டூசிகளும் மட்டுமே வைத்துக்கொள்கிறார்கள். ஓர் இடத்தில் குண்டூசியைக் குத்தி அதை வடதுருவம் என்று கொள்ள வேண்டும். நாடாவைப் பந்தைச் சுற்றிக் கொண்டுவந்து சுற்றளவை அளக்க வேண்டும். நாடாவை இரண்டாக மடித்தால் மடிப்பு விழும் இடம் தென்துருவம். மேலும் மடித்தால் நடுக்கோடு. நடுக்கோட்டின்மேல் நாடாவை வைத்து நான்கு, ஆறு, எட்டு, பத்து என்று வேண்டிய பாகங்களாகக் குறித்துக்கொண்டு, துருவத்திலிருந்து துருவத்துக்கு ஜரிகை நூலை ஓட்டினால் ஆரஞ்சுப் பழச் சுளைபோலப் பந்து பிரிந்துவிடும். இது சாதாரணப் பிரிவு. இந்தக் கோடுகளை அடையாளமாக வைத்துக்கொண்டு சாமந்திப்பூ, நட்சத்திரம் என்று வண்ண நூலால் தைத்து நிரப்புகிறார்கள்.

நாடாவை எட்டாக மடிப்பது எளிது. பாதி, பாதி என்று மூன்று முறை மடித்தால் போதும். ஐந்தாக மடிப்பது எப்படி? நான் அளவுகோலை எடுக்கப் போனேன். அதற்குள் அம்மா நாடாவை விரல்களுக்கிடையே நெளித்து, மடிப்புகளைத் தளர்த்தியும் நெருக்கியும் ஐந்து சம பாகமாக்கி நகத்தால் கீறிவிட்டார். அளந்து பார்த்தேன். 6 சென்டிமீட்டராக ஐந்து துண்டும் இருந்தன.

சாதாரணப் பிரிவைவிடக் கடினமானது ‘கூட்டுப் பிரிவு’. இதில் பந்துக்கு இரண்டே துருவங்கள் என்பது இல்லை. பல இடங்கள் ஒன்றுபோலத் துருவமாகும். எப்படித் திருப்பிப் பார்த்தாலும் பந்து ஒன்றுபோலத் தோன்றும். கூட்டுப் பிரிவு மூன்று வகைப்படும்: ஆறின் பிரிவு, எட்டின் பிரிவு, பத்தின் பிரிவு. ஆறின் பிரிவில் நான்முகி மறைந்திருக்கிறது. எட்டின் பிரிவில் கன சதுரமும் எண்முகியும் இருக்கின்றன. பத்தின் பிரிவில் பன்னிருமுகியும் இருபதுமுகியும் இருக்கின்றன. பிளேட்டோவின் பெயரால் வழங்கும் ஐந்து திண்மங்களும் இந்த மூன்று பந்துகளில் அடங்கிவிட்டன! அமெரிக்கக் கணிதப் பேராசிரியை கரோலின் யாக்கல் போன்றோர் தெமாரிப் பந்துகளின் சமச்சீரைப் பற்றி ஆராய்ந்தே எழுதியிருக்கிறார்கள்.

பத்தின் பிரிவில் பன்னிரண்டு துருவங்கள் வர வேண்டும். வடதுருவத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் அடுத்த ஐந்து துருவங்களைக் குத்துவது? தெமாரிக்காரர்களின் விதி இது: சுற்றளவில் ஆறில் ஒரு பங்கை எடு; அதனோடு நூறில் ஒரு பங்கைச் சேர். 30 சென்டிமீட்டர் பந்துக்கு ஆறில் ஒரு பங்கு 5 சென்டிமீட்டர், நூறில் ஒரு பங்கு 3 மில்லிமீட்டர், ஆக 5.3 சென்டிமீட்டர். நான் கணிதத்தின் வழியே போனேன். இருபதுமுகியின் அடுத்தடுத்த இரு முனைகள் மையத்தில் தாங்கும் கோணத்தின் கொசைன் 1/√5. கோணம் 63 பாகை 26 நிமிடம். அதை 360 பாகையால் வகுத்து 30-ஆல் பெருக்கினால் 5.286 சென்டிமீட்டர் வருகிறது. இரண்டு விடைகளுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு. குண்டூசியின் முனையிலேயே மறைந்துபோகும் வேறுபாடு! கொசைன் அட்டவணையைத் திறவாமலே, மடித்த காகிதம் ஒன்றை வைத்துக்கொண்டு இந்த விடையைப் பிடித்துவிட முடிகிறது.

அம்மா கேட்ட கேள்வி

எட்டின் பந்தும் பத்தின் பந்தும் முடிந்த ஒருநாள் இரவு அம்மா இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: “ஏன் பாப்பா, ஆறு, எட்டு, பத்துன்னு வச்சிருக்காங்களே, பன்னெண்டு கெடையாதா? பத்தோட ஏன் நின்னுபோச்சு?”

நண்பர்களே, இது சாதாரணக் கேள்வி அன்று. இருப்பதைப் பார்த்து வியப்பது ஒன்று. இருக்க வேண்டியது ஏன் இல்லை என்று கேட்பது வேறு. இரண்டாவதில்தான் கணிதம் பிறக்கிறது. அன்றிரவு நானும் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தரையில் வரைந்த முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை. பந்தின்மேல் வரைந்த முக்கோணத்தில் அந்தக் கூடுதல் 180-ஐ விட மிகுதியாகவே இருக்கும். எவ்வளவு மிகுகிறதோ அதை 720-ஆல் வகுத்தால், பந்தின் மேற்பரப்பில் அம்முக்கோணம் பிடித்திருக்கும் பங்கு கிடைக்கும். ஆல்பர்ட் ஜிரார்ட் என்பவர் 1629-ஆம் ஆண்டில் வெளியிட்ட தேற்றம் இது.

தெமாரியின் கூட்டுப் பிரிவில் கோடுகள் பந்தைச் சிறு சிறு முக்கோணங்களாக வெட்டுகின்றன. ஆறின் பிரிவில் ஒவ்வொரு முக்கோணத்தின் கோணங்களும் 60, 60, 90. கூடுதல் 210, மிகுதி 30. 720-ஐ 30-ஆல் வகுக்க 24 முக்கோணங்கள். எட்டின் பிரிவில் கோணங்கள் 45, 60, 90. கூடுதல் 195; மிகுதி 15; ஆகவே 48 முக்கோணங்கள். பத்தின் பிரிவில் கோணங்கள் 36, 60, 90. கூடுதல் 186, மிகுதி 6, ஆகவே 120 முக்கோணங்கள். பந்தின்மேல் குண்டூசியை நகர்த்தி எண்ணிப் பார்த்தோம். சரியாக இருந்தது.

இனி அம்மா கேட்ட பன்னிரண்டுக்கு வருவோம். ஒரு துருவத்தில் பன்னிரண்டு கோடுகள் கூடினால் இரண்டு கோடுகளுக்கு இடையே 30 பாகை. கோணங்கள் 30, 60, 90. கூடுதல் 180. மிகுதி ஒன்றுமில்லை! மிகுதி இல்லாத முக்கோணம் தட்டையான முக்கோணம். அப்படிப்பட்ட முக்கோணங்களை எத்தனை சேர்த்தாலும் அவை தரைபோல விரிந்துகொண்டே போகுமேயன்றி வளைந்து உருண்டையாகா. ஆகவே பன்னிரண்டின் கூட்டுப் பிரிவு பந்தில் இருக்கவே முடியாது. ஜப்பானியர் பத்தோடு நிறுத்தவில்லை. உருண்டைதான் பத்தோடு நிறுத்திவிட்டது. பின்னாளில் வந்த கலைஞர்கள் பத்தின் பிரிவையே மேலும் பகுத்து 32, 42, 92 மையங்கள் வரை கொண்டுபோயிருக்கிறார்கள். அவற்றிலும் ஐந்து மூலை கொண்ட மையங்கள் பன்னிரண்டுதான். மற்றவையெல்லாம் ஆறு மூலை கொண்டவை. கால்பந்தின் தோலைப் பாருங்கள்: கறுப்பும் வெள்ளையுமாகத் தைத்த பழைய பந்தில் ஐங்கோணம் 12, அறுகோணம் 20. அங்கும் அதே சட்டம்தான்.

இதை அம்மாவுக்குச் சொல்ல வேண்டுமே! கொசைன் வேண்டாம், ஜிரார்டும் வேண்டாம் என்று யோசித்து, “பன்னெண்டு வச்சா அது வாசல்ல போடுற கோலமா விரிஞ்சு போயிடும்மா, பந்தா மடங்காது” என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “ஆமா, மடங்குறதுக்குக் கொஞ்சம் கூடக் கொறைய இருக்கணுமுல்ல. துணி தைக்கையில கொசுவம் வைக்கிறாப்புல” என்றார். சரியாகவே பிடித்துவிட்டார்.

மண்ணுக்குள் ஒரு தெமாரி

ஐந்து மடிப்புச் சமச்சீரைத் தேடி நாம் ஜப்பான் வரை போக வேண்டியதுமில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியக் காலத்தில், நம் அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளைக் கடல் மூடியிருந்தது. அந்தக் கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக் கல்லைத்தான் இன்று சிமெண்டு ஆலைகளுக்காக வெட்டுகிறார்கள். அக்கல்லில் கடல் முள்ளெலிகளின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. உள்ளங்கையில் அடங்கும் அந்த உருண்டைக் கல்லின் உச்சியில் ஐந்து இதழ்கள் விரிந்திருக்கும். அரியலூரை அடுத்த வாரணவாசியில் புதைபடிவங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உள்ளது. துருவத்திலிருந்து ஐந்து திசையில் இதழ் தைத்த தெமாரிக்கும் அந்தக் கல்லுக்கும் அமைப்பில் பெரிய வேறுபாடு இல்லை. இயற்கை உயிரைக்கொண்டு செய்ததை மனிதக் கை நூலைக்கொண்டு செய்கிறது.

கண்காட்சி நாள்

கண்காட்சிக்கு மூன்று பந்துகளை வைத்தோம். சேலையில் மிஞ்சிய பட்டு நூலில் பச்சையும் அரக்கும் மாம்பழ நிறமுமாக அவை மேசையில் இருந்தன. அம்மாவும் அன்று கல்லூரிக்கு வந்தார். அவர் கல்லூரிக்குள் கால் வைத்தது அதுவே முதல் தடவை. வந்தவர்களுக்கு நான் 186 பாகையையும் 120 முக்கோணங்களையும் விளக்கினேன். “உள்ளே என்ன இருக்கிறது? எப்படி இவ்வளவு உருண்டையாக வந்தது?” என்று கேட்டவர்களுக்கு அம்மா விளக்கினார். இரண்டாவது கேள்வியைக் கேட்டவர்களே அதிகம். பெரியவர் ஒருவர் பந்தைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, “எதுவரைக்கும் படிச்சிருக்கீங்கம்மா?” என்று கேட்டார். “அஞ்சாவதுங்க. முப்பது வருசமா நூல் சுத்துறேங்க” என்றார் அம்மா. முதல் விடையைத் தாழ்ந்த குரலிலும் இரண்டாவது விடையை நிமிர்ந்தும் சொன்னார்.

கல்லூரியில் சேரும்போது விண்ணப்பத்தில் ‘பெற்றோரின் கல்வித் தகுதி’ என்ற இடத்தை நம்மில் பலர் எப்படி நிரப்பினோம் என்பது எனக்குத் தெரியும். நம் வகுப்பில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தத்தம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். ‘முதல் பட்டதாரி’ என்று அரசு சான்றிதழே தருகிறது. அது பெருமைக்குரியதுதான். அந்தச் சான்றிதழ் சொல்வது முழு உண்மை. ஆனால் அது சொல்லாத உண்மையும் ஒன்று உண்டு. நான் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியாக ஆகப்போகிறவள். ஆனால் எங்கள் வீட்டின் முதல் கணக்கறிந்தவள் அல்லள். இழை எண்ணிப் பாவு போட்டவர்களும், கண்ணாலேயே ஐந்தாக மடித்தவர்களும் எனக்கு முன்பே அந்த வீட்டில் இருந்திருக்கிறார்கள். நீலகிரியில் தோடர் இனப் பெண்கள் முன்கூட்டி வரைந்துகொள்ளாமல் இழைகளை எண்ணியே கறுப்பும் சிவப்புமாகப் பூவேலை செய்கிறார்கள். 2013-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எண்ணத் தெரியாத கை அந்த வேலையைச் செய்ய இயலுமா?

அதற்காகப் படிப்பு வேண்டாம், கைவேலை போதும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அம்மாவே என்னை மன்னிக்க மாட்டார். பன்னிரண்டு ஏன் இல்லை என்ற கேள்வி அவர் கையிலிருந்து பிறந்தது. அதற்கு விடை கல்லூரிப் பாடத்திலிருந்து வந்தது. கேள்வி இல்லாதவருக்கு விடை வெறும் மனப்பாடம். விடைக்கு வழி இல்லாதவருக்குக் கேள்வி வெறும் பெருமூச்சு. இரண்டும் ஒரே திண்ணையில் உட்கார்ந்தால்தான் கல்வி. அம்மாவுக்கு ஐந்தாம் வகுப்போடு பள்ளி நின்றுபோகாமல் இருந்திருந்தால், அந்தக் கேள்வியை அவர் எங்கே கொண்டுபோயிருப்பார் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

எனவே என் சக மாணவ மாணவியர்க்கு ஒரு வேண்டுகோள். நம் வீடுகளில் பாய் முடைபவர், கூடை பின்னுபவர், சக்கரத்தில் பானை வனைபவர், தச்சு வேலை செய்பவர் என்று பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் நம் பாடத்தைக் கொண்டுபோய்க் காட்டுவோம். “இது உங்கள் வேலையில் எங்கே வருகிறது?” என்று கேட்போம். அவர்கள் நம்மிடம் திருப்பிக் கேட்கும் கேள்வியைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்வோம். விடை தெரியாவிட்டால் பேராசிரியர்கள் இருக்கிறார்கள், நூலகம் இருக்கிறது, நமக்கு இன்னும் ஆண்டுகளும் இருக்கின்றன.

வரிப்பந்து நம் பாட்டில் இருக்கிறது. நூலும் நம் ஊரில் இருக்கிறது. அதைச் சுற்றத் தெரிந்த கையும் இருக்கிறது. ஜப்பானியத் தாய் தன் பந்துக்குள் வேண்டுதலை எழுதி வைத்துச் சுற்றினாள் என்றேன் அல்லவா? நம் தாய்மார் எழுதி வைக்கவில்லை. நம்மைக் கல்லூரிக்கு அனுப்பி வைத்திருக்கிறார்கள். அந்த வேண்டுதலை நாம்தான் பிரித்துப் படிக்க வேண்டும்.